ஸ்வோல்வேரில் ஐந்து நாள்: ஜூனா, மார்ச்சா? அப்பாவும் கூட வருகிறார்

முத்துநகரான்

வணக்கம். ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறேன். வட நார்வேயில் லோஃபோட்டன் தீவுகளுக்கு ஐந்து நாள் போகலாம் என்று யோசனை, தங்குவது ஸ்வோல்வேர் ஊரில். நான், மனைவி, அப்பா மூன்று பேர். அப்பாவுக்கு 66 வயது. தூத்துக்குடியில் முப்பது வருடம் வள்ளமும் வலையுமாக இருந்த மனிதர். இப்போது முழங்கால் கொஞ்சம் தகராறு செய்கிறது, சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார், மேட்டில் இறங்கும்போதுதான் முனகுவார்.

ஆளுக்கு ஓர் ஆசை. மனைவிக்கு வடதுருவ ஒளி பார்க்க வேண்டும். எனக்கு நடுராத்திரிச் சூரியன், அப்புறம் ரெய்னேபிரிங்கன் மலை ஏற வேண்டும், படம் பார்த்ததில் இருந்து மண்டைக்குள் அதுவே ஓடுகிறது. அப்பா கேட்டது ஒன்றுதான், "அங்க கருவாடு எப்படிப் போடுறாங்கன்னு பாக்கணும்." ஜூன் முதல் வாரம் அல்லது அடுத்த மார்ச், இரண்டில் எது வசதி? கார் எடுக்கலாமா, பஸ்ஸே போதுமா? ஐந்து நாளில் ஸ்வோல்வேர், ஹென்னிங்ஸ்வேர், நுஸ்ஃபியோர்ட், ரெய்னே, 'ஓ' என்கிற ஊர் வரை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், தினமும் ஒரு ஊரில் தங்கல். சரிப்படுமா என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகடல்வாசி

தம்பி, முதலில் அந்தத் தினம் ஒரு ஊர் திட்டத்தைத் தூக்கி வையுங்கள். நான் எண்பதுகளின் கடைசியில் நார்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் பக்டரி வேலைக்கு என்று வந்து இறங்கியவன். அப்போது எங்கள் யாழ்ப்பாணத்துப் பெடியள் நிறையப் பேர் அந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன மீன்பிடி ஊர்களில்தான் மீன் வெட்டிக்கொண்டு நின்றோம். பிறகு பலபேர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள், நான் வடக்கே போடே நகரத்தோடு நின்றுவிட்டேன். லோஃபோட்டனுக்கு எத்தனை தரம் போனேன் என்று கணக்கு இல்லை. ஒவ்வொரு தரமும் வானிலைதான் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது, நான் போட்ட திட்டம் அல்ல.

இரண்டு ஆசையும் ஒரே பயணத்தில் நடக்காது. நடுராத்திரிச் சூரியன் மே கடைசியில் இருந்து ஜூலை நடுப்பகுதி வரை. அந்தக் காலத்தில் இரவே இல்லை, இரவு இல்லாமல் ஒளி எங்கே தெரியும்? ஒளிக்கு செப்டம்பரில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வர வேண்டும். ஆகவே வீட்டில் கதைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள், அதில் நான் தலையிட மாட்டேன்.

ஜூன் என்று முடிவானால் ஒரு விஷயம், இதைப் பலபேர் அங்கே போன பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்வோல்வேர் தீவின் தெற்குப் பக்கம் இருக்கிறது. நடுராத்திரியில் சூரியன் நிற்பது வடக்கே. நடுவில் மலை. ஊருக்குள் நின்று பார்த்தால் வெளிச்சம் இருக்கும், சூரியன் இருக்காது! லௌக்விக், கிம்சேய், எக்கும், உத்தக்லெய்வ் என்று வடக்கே கடலைப் பார்த்த இடம் ஒன்றுக்குப் போக வேண்டும். லௌக்விக் காரில் முக்கால் மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். ஒரு பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இரவு பதினொன்றுக்குப் போய்க் கல்லில் இருங்கள், சூரியன் கடலைத் தொடுகிற மாதிரி இறங்கி, தொடாமலே அப்படியே கிழக்குப் பக்கம் நகரும்.

இதற்காகத்தான் கார் வேண்டும் என்கிறேன். பஸ் இருக்கிறது, 300ஆம் எண், நார்விக் பக்கம் இருந்து எவெனெஸ் விமான நிலையம், ஸ்வோல்வேர், லெக்னெஸ் என்று ஓ வரை ஓடுகிறது. நல்ல பஸ்தான், ஆனால் நாளைக்குச் சில தரம்தான். எவெனெஸில் காரை எடுத்தால் ஸ்வோல்வேருக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம். 2007இல் லோஃபாஸ்ட் பாதை திறந்த பிறகு அந்தப் பக்கமிருந்து பெரி (கார் ஏற்றும் கப்பல்) ஏறாமலே வரலாம். போடேயால் வந்தால் ஸ்வோல்வேருக்கு விரைவுப் படகு இருக்கிறது, மூன்றரை மணித்தியாலம் அளவில், கார் ஏற்றாது. காரோடு என்றால் மொஸ்கெனெஸுக்குப் பெரி. அது இறங்குவது தீவின் மற்ற அந்தத்தில்.

ஸ்வோல்வேரில் இருந்து ரெய்னே 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மணித்தியாலம். ஒரு நாள் முழுதாக அதற்குக் கொடுங்கள், போகும் வழியில் போர்க்கில் வைக்கிங் மியூசியம், 83 மீட்டர் நீளத் தலைவன் வீட்டின் அடித்தளம் 1980களில் அங்கே தோண்டி எடுத்தார்கள், அதே அளவில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மற்ற நாலு நாளுக்கும் ஸ்வோல்வேரைச் சுற்றி இருப்பதே போதும். கபெல்வோக் 5 கிலோமீட்டர், ஹென்னிங்ஸ்வேர் அரை மணித்தியாலம். பெட்டியைத் தினமும் கட்டிக் கட்டி அவிழ்ப்பதற்கா இவ்வளவு தூரம் வருகிறீர்கள்?

உடுப்பு விஷயம்: ஜூனிலும் பத்துப் பன்னிரண்டு பாகைதான், காற்று வந்தால் அதுவும் இல்லை. குடை கொண்டுவர வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். காற்றுப் புகாத மழைக்கோட், கம்பளி உள்ளுடுப்பு, பிடிப்பான சப்பாத்து. படுக்கக் கண்மூடி ஒன்று.

பனிக்குல்லா

நான் போனது மார்ச் மாதம், போன வருடத்துக்கு முந்தின வருடம், அதனால் மார்ச்சுக்காகப் பேச யாராவது வேண்டும் இல்லையா. அப்பா கருவாடு பார்க்க வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மார்ச்.

காரணம் ஸ்க்ரெய். பேரண்ட்ஸ் கடலில் வளர்கிற காட் மீன், பருவம் வந்ததும் முட்டையிட லோஃபோட்டனுக்குத் தெற்கே வெஸ்ட்ஃபியோர்ட் வரை நீந்தி வரும், ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை அந்தக் கடல் முழுக்க அதுதான். ஆயிரம் வருடமாக இந்த ஊர்கள் சாப்பிட்டது, கட்டினது, வெளிநாட்டுக்கு விற்றது எல்லாமே இந்த ஒரு மீனை வைத்துத்தான். இருட்டு விலகுவதற்கு முன்பே படகுகள் புறப்படும், மதியத்துக்கு மேல் கப்பலடியில் நின்றால் மீன் இறங்குகிற வேகத்தைப் பார்க்கலாம். தலையை வெட்டி ஒரு தொட்டியில் போட, பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் நின்றுகொண்டு அந்தத் தலைகளில் இருந்து நாக்கை மட்டும் அறுத்து எடுக்கிறார்கள். ஒரு ஆணியில் தலையைக் குத்தி ஒரே வெட்டு. அது அங்கே பிள்ளைகளின் உரிமை மாதிரி, விற்ற காசு அவர்களுக்கே. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் இருந்து புகார் வந்திருக்கும்.

அப்புறம் காயப் போடுவது. இதுதான் உங்கள் அப்பாவுக்கு. உப்பே போடுவதில்லை! இரண்டிரண்டாக வாலில் கட்டி, ஹ்யெல் என்று பெரிய மரப் பரண் கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் தொங்கவிட்டால் பிப்ரவரியில் இருந்து மே வரை காற்றே பார்த்துக்கொள்கிறது. நம் ஊர் வெயிலில் உப்பில்லாமல் போட்டால் ஒரு நாளில் புழு வைத்துவிடும், இங்கே பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர், ஈ வருவதற்கு முன்னால் மீன் காய்ந்துவிடுகிறது. அதற்குமேல் குளிர்ந்தால் உறைந்து சதை உடையும், சூடானால் கெடும், அந்த இடைப்பட்ட குளிர் இந்தத் தீவுகளுக்கு வாய்த்திருக்கிறது. ஐந்து கிலோ மீன் ஒரு கிலோ கட்டையாகிவிடும். கட்டை என்றால் உண்மையிலேயே கட்டை, தட்டினால் டொக் டொக் என்கிறது. பிறகு விராக்கர் என்று ஒரு ஆள், ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்து, மோந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தரம் பிரிப்பார், இருபது தரம் போல. உசத்தியானது இத்தாலிக்கு, தலைகள் நைஜீரியாவுக்கு. இத்தாலி தொடர்பு பழசு, 1432இல் கப்பல் உடைந்து ரெஸ்ட் தீவில் ஒதுங்கிய வெனிஸ்காரர் பியெத்ரோ குவெரினி அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

மார்ச்சில் இன்னொன்று, மாதக் கடைசியில் ஸ்வோல்வேரில் ஸ்க்ரெய் பிடிக்கும் உலகப் போட்டி நடக்கும், உலகப் போட்டி என்று பேர்தான், ஊர்த் திருவிழா மாதிரி. அந்த வாரம் அறை கிடைக்காது, மற்றபடி ஊர் காலி. ஒளி எங்களுக்கு நாலு ராத்திரியில் ஒரு ராத்திரிதான் வாய்த்தது, மீதி மூன்றும் மேகம். ஒரு ராத்திரி என்றாலும் கிம்சேய் கடற்கரையில் பச்சைத் திரை மாதிரி வந்து, என் மனைவி அரை மணி நேரம் போனையே எடுக்கவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். ரோடு பனிக்கட்டி, காரில் ஆணி டயர்தான் தருகிறார்கள், ஆனாலும் காற்று அடிக்கும் பாலத்தில் கை நடுங்கும். மலை ஏற்றம் மார்ச்சில் மறந்துவிடுங்கள், பனிச்சரிவு ஆபத்து, பழகினவர்கள் ஸ்கீ கட்டிக்கொண்டு வழிகாட்டியோடு போகிறார்கள்.

சில்லறைக்கணக்கு

எல்லாரும் அழகை மட்டுமே சொல்கிறீர்கள், பணத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஹோட்டலில் ஒரு வேளைச் சாப்பாடு ஆளுக்கு 250, 300 குரோனருக்குக் குறையாது, மூன்று பேர் ஐந்து நாள் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ரோர்பு எடுங்கள். பழைய மீனவர் குடிசை, தண்ணீர்மேல் தூண் நட்டுக் கட்டிய சிவப்பு மர வீடு, 1120 வாக்கில் நார்வே ராஜா ஒய்ஸ்டெய்ன் வெளியூர் மீனவர்களுக்காகக் கட்டிக்கொடுத்ததில் ஆரம்பித்தது. இப்போது உள்ளே அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உண்டு. அரிசி, மிளகாய்த்தூள், புளி கொண்டுபோனால் பாதி செலவு மிச்சம். ஞாயிறு பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்கவும்.

காரை வாங்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். எனக்குக் கண்ணாடியில் ஏற்கெனவே இருந்த ஒரு கல் வடுவுக்கு இரண்டு மாதம் கழித்து வாடகைக் கம்பெனியில் இருந்து பில் வந்தது. படம் இருந்ததால் தப்பித்தேன். இந்தியா லைசென்ஸ் என்றால் சர்வதேச அனுமதியும் கையில் இருக்கட்டும்.

ஜூலையில் மட்டும் போகாதீர்கள். ஹென்னிங்ஸ்வேரில் பார்க்கிங் தேடியே ஒரு மணி நேரம் போனது, பாறை நடுவில் இருக்கிற அந்தப் பிரபலமான ஃபுட்பால் மைதானத்தைச் சுற்றி ட்ரோன்கள் கொசு மாதிரி.

முத்துநகரான்

எல்லாருக்கும் நன்றி. மார்ச்சைப் படித்ததும் அப்பாவிடம் பேசினேன், உப்பில்லாமல் என்றதும் நம்பவில்லை, "சும்மா சொல்றான்" என்கிறார். ஆனால் அவர் விசா ஜூன் பாதி வரைதான், அடுத்த மார்ச்சுக்குள் திரும்ப வாங்குவது நிச்சயம் இல்லை. எனவே ஜூன் முதல் வாரம். மனைவியிடம் ஒளிக்காக இன்னொரு குளிர்காலம் கடன் சொல்லியிருக்கிறேன், எழுதி வாங்கிக்கொண்டாள்.

மூன்று கேள்வி. ஜூனில் பரணில் மீன் இருக்குமா? ரெய்னேபிரிங்கன் அப்போது ஏறலாமா? அப்பா தூண்டில் போட லைசென்ஸ் வேண்டுமா, வலை கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார் (சிரிக்காதீர்கள்).

வடகடல்வாசி

வலை முடியாது, அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரருக்குக் கையில் பிடிக்கிற தூண்டில் மட்டும்தான். கடலில் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை, காசும் இல்லை. ஆனால் காட் 44 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் திரும்ப விட வேண்டும், ஹாலிபட் 84. பிடித்ததை விற்கக் கூடாது. மீன் வளர்ப்புக் கூடுகளுக்கு 100 மீட்டருக்குள் தூண்டில் போடக் கூடாது, மிதவை பார்த்தால் தள்ளிப் போங்கள். நாட்டை விட்டு மீன் கொண்டுபோவதற்குத் தனிச் சட்டம், பதிவு செய்த மீன்பிடி விடுதியில் தங்கினவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. பேசாமல் அங்கேயே குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள்.

படகு வாடகைக்கு எடுத்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 8 மீட்டருக்கு மேல் நீளம் அல்லது 25 குதிரைத்திறனுக்கு மேல் இன்ஜின் என்றால் இங்கே படகோட்டிச் சான்றிதழ் வேண்டும், 1980க்கு முன் பிறந்தவர்களுக்கு அது தேவையில்லை. அப்பா சுக்கான் பிடிக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருந்து வேடிக்கை பாருங்கள்! சின்னப் படகு என்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை. மிதவைச் சட்டை எல்லாரும் போட்டே ஆக வேண்டும், முப்பது வருட அனுபவம் என்று கழற்றி வைக்க விடாதீர்கள், அந்தத் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பிரயோசனம் இல்லை.

மீன் ஜூன் தொடக்கத்தில் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கலாம், பெரும்பாலும் இறக்கிக்கொண்டிருப்பார்கள். இறக்குவதைப் பார்க்கக் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், அப்பா கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கட்டும். மணம்தான் முதலில் வரும், பரண் பிறகுதான் தெரியும். வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் பக்கத்தில் போங்கள்.

மறக்காமல் ட்ரோல்ஃபியோர்டுக்கும் கூட்டிப்போங்கள், ஸ்வோல்வேரில் இருந்து படகு இருக்கிறது. வாய் 100 மீட்டர்தான், உள்ளே 2 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டர் அளவுக்கு மலை. கடற்கழுகு தலைக்கு மேல் வரும், சிறகு விரித்தால் இரண்டரை மீட்டர் வரை. அப்பாவுக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு: 1890இல் நீராவிக் கப்பல்காரர்கள் மீன் நிறைந்த அந்த வாயை வலையால் அடைத்துவிட்டு, சின்ன வள்ளக்காரரிடம் உள்ளே போகக் காசு கேட்டார்கள். வள்ளக்காரர் ஆயிரக்கணக்கில் கூடி அடித்து உடைத்து உள்ளே போனார்கள். விசைப்படகு, நாட்டுப்படகு சண்டை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ரப்பர் விசைப்படகில் போக வேண்டாம், முதுகும் முழங்காலும் போய்விடும். பெரிய சத்தமில்லாத மின்சாரப் படகு இருக்கிறது, அதில் உட்கார்ந்து போகலாம்.

பாறைப்பல்லி

மலைக் கேள்விக்கு நான். ரெய்னேபிரிங்கன் 448 மீட்டர், முன்பு வழுக்கி விழுந்து ஆபத்தான பாதை. நேபாளத்தில் இருந்து ஷெர்பாக்கள் வந்து கல் படி போட்டார்கள், 2019இல் முடிந்தபோது ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேல் படி, பிறகும் நீட்டினார்கள். ஜூன் முதல் வாரம் மேலே பனி கிடக்கலாம், முந்தின நாள் உள்ளூரில் கேட்டுவிட்டுப் போங்கள். படி என்பதால் சுலபம் என்று நினைக்காதீர்கள், எனக்கு ஏறுவதைவிட இறங்கித்தான் தொடை நடுங்கியது. அப்பா கீழே ரெய்னேயில் காபி குடிக்கட்டும்.

அப்பாவோடு சேர்ந்து ஏற ஒன்று வேண்டும் என்றால் ஸ்வோல்வேர் பக்கத்திலேயே டியெல்பெர்க்டிண்டன், 367 மீட்டர், பாதி தூரம் வண்டிப்பாதை. அங்கே நிறுத்திக்கொண்டாலே ஊரும் துறைமுகமும் தெரியும். கைத்தடி இரண்டு வாங்கிக்கொடுங்கள், இறக்கத்தில் முழங்காலுக்கு அதுதான் மருந்து. நீங்களும் மனைவியும் ஃப்லேயா மலைப் பக்கம் போகலாம், 590 மீட்டர். வழியில் பிசாசு வாசல் என்று இரண்டு பாறைக்கு நடுவே ஒரு கல் சிக்கிக் கிடக்கிறது, அதன்மேல் நின்று எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நான் எடுக்கவில்லை, கல் வழுவழுப்பு.

ஊர் மேலே இரண்டு கொம்போடு ஒரு பாறை நிற்கும், ஸ்வோல்வேர் ஆடு என்று பேர், 1910இல் மூன்று நார்வேக்காரர்கள் முதலில் ஏறினார்கள். அதில் ரூபன்சன் என்பவர் அதற்கு மூன்று வருடம் முன்பு நம் சிக்கிமில் கப்ரு சிகரத்தின் உச்சிக்குப் பக்கம் வரை போய்த் திரும்பியவர். ஒரு கொம்பில் இருந்து மற்றதுக்கு ஒன்றரை மீட்டர் தாண்டுவது அங்கே வழக்கம், நேர் கீழே ஊர்க் கல்லறைத் தோட்டம். கயிறும் வழிகாட்டியும் இருந்தால்தான். நான் இரண்டு தடவை போயும் தாண்டவில்லை, பெரிய கொம்பில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன்.

முத்துநகரான்

ஸ்வோல்வேரிலேயே ஐந்து ராத்திரி, ஸ்வினேயா பக்கம் ஒரு ரோர்பு போட்டாயிற்று. மூன்றாம் நாளை ரெய்னேக்கு வைத்திருக்கிறோம், மழை என்றால் நாலாம் நாள். கார் சொல்லியாயிற்று. அப்பா சான்றிதழ் விஷயத்தைக் கேட்டதில் இருந்து ஒரு மாதிரி மிதப்பாகவே இருக்கிறார், நேற்று போனில் என்னைப் படகுக் கையாள் மாதிரி "டேய் டெக்கு" என்றுதான் கூப்பிட்டார். வலையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சம்மதித்துவிட்டார், தூண்டில் நரம்பும் முள்ளும் மட்டும் பெட்டியில் வருகிறது, ஈயக்குண்டை எங்கே வைப்பது என்று விமானக் கம்பெனியில் கேட்க வேண்டும்.